பழைய பெட்ரோல் நிலையமும் பாட்டனாரின் கதையும்



அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டுவைட் என்றொரு சிற்றூர் உண்டு. புகழ்பெற்ற 66ஆம் எண் நெடுஞ்சாலையோரம் 1933ஆம் ஆண்டில் அங்கே ஒரு பெட்ரோல் நிலையம் கட்டப்பட்டது. வீடு போன்ற சிறு கட்டடம், முன்னே கார் நிற்க ஒரு கூரை, அவ்வளவே. அகன்ற புதிய சாலைகள் வந்தபின், 1985இல் அந்நெடுஞ்சாலையே அரசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் 1999 வரை அந்நிலையம் பெட்ரோல் விற்றது. பின்னர் அதன் உரிமையாளர் அதனை ஊருக்கே வழங்கிவிட்டார். ஊரார் அதைப் பழைய கோலத்திலேயே புதுப்பித்து, 2007இல் பார்வையாளருக்குத் திறந்து வைத்தனர்.

அரசர் எவரும் வாழ்ந்த மாளிகையன்று அது. எண்ணெய்க் கறை படிந்த கைகள் உழைத்த இடம். உழைப்பின் நினைவும் காக்கத் தக்கதே என்று அவ்வூரார் கருதினர்.

நமக்கு அண்மையிலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. இலங்கையில் கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்தது. அதனைச் செப்பனிட்டு 2001இல் தேயிலை அருங்காட்சியகமாக்கினர். கொழுந்தை உருட்டிய எந்திரங்களும், 1867இல் அந்நாட்டில் தேயிலைப் பயிர்த்தொழிலைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் அங்கே உள்ளன.

இச்செய்தி நீலகிரியின் சேரங்கோட்டுக்கு மிகவும் உரியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வளிக்கவே, 1968 முதல் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. சேரங்கோடும் அவற்றுள் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள், இம்மலைச் சரிவுகளில் மீண்டும் கூடை சுமந்தனர். அந்தக் கப்பல் 1984இல் நின்றுபோயிற்று. 2022இல் அரசுத் தோட்ட நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பியளிக்க ஆணை பிறந்தது. தோட்டங்கள் காடாகலாம், அங்கே உழைத்தவர்களின் வரலாறும் அவற்றோடு மறைந்துவிட வேண்டுமா?

எந்திரத்தைத் துலக்கி வைத்துவிடலாம். அதனருகே நின்றவரின் வாய்மொழியை, அவர் மறைந்தபின் எவரால் மீட்க இயலும்? கப்பலில் வந்த தலைமுறை நம் கண்ணெதிரே குறைந்து வருகிறது.

பூமியில் பயணம் செய்து, முன்னோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மை அழைக்கிறது. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கூலியோடு நம் கடன் தீர்ந்துவிடுவதில்லை. உழைத்தவரை மறவாதிருப்பதும் நன்றியின் பாற்பட்டதே.

பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. தோட்டமோ, கடையோ, பட்டறையோ, உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் எங்கே உழைத்தார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்பதைப் பிள்ளைகள் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பழைய கடவுச்சீட்டையும் கொழுந்துக் கூடையையும் எறிந்துவிடாதீர்கள். மஹல்லாதோறும் மதரஸாவில் ஓர் அலமாரி ஒதுக்கினாலும் போதும். அதுவே நம் அருங்காட்சியகம். பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.