ஏற்காட்டில் காமிரா வேட்டை

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு போய்ச் சேருகிறவர்கள், விடுமுறை நாட்களில் அங்கே ஒரு விசித்திரக் காட்சியைக் காணலாம். காப்பித் தோட்டத்தை ஒட்டிய சாலையில் மோட்டார் வண்டிகள் வரிசையாக நிற்கும். பாறை சரிந்துவிட்டதோ, வண்டி கவிழ்ந்துவிட்டதோ என்று எவரும் பதற வேண்டியதில்லை. சில்வர் ஓக் மரங்களின் கீழே ஒரு காட்டுமாடு புல் மேய்ந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றி இருபது முப்பது பேர் கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நெருங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுள் ஒருவர் மாட்டுக்கு முதுகைக் காட்டி நின்று புன்னகை செய்வார். வீரம் என்ற சொல்லுக்கு இதுதான் இன்றைய அர்த்தம் போலும்!

காட்டுமாடு என்றால் என்னவென்று இந்த வீரர்கள் அறிந்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஜனங்கள் இதைக் காட்டெருமை என்கிறார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. உண்மையில் இது எருமை ஜாதியே அல்ல; மாட்டு ஜாதி. உலகிலுள்ள காட்டு மாடுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. நன்கு வளர்ந்த காளை தோளளவில் ஆறடி உயரம் நிற்கும். எடை ஆயிரம் கிலோவை எட்டுவதுண்டு. சுபாவத்தில் இது சாது. மனிதனைக் கண்டால் விலகிப் போகவே விரும்பும். ஆனால் விலகிப் போவதற்கு வழி வேண்டுமல்லவா? ஒரு பக்கம் தோட்டத்து முள்வேலி, மறுபக்கம் மோட்டார் வண்டிகள், எதிரே ஜனக்கூட்டம் என்று ஆகிவிட்டால், முதலில் சீறும். பிறகு தன் பருத்த உடலைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி நிற்கும். "என் அளவைப் பார், போய்விடு" என்பது அதன் பொருள். நமது படப்பிடிப்பாளர்களோ, நல்ல கோணத்தில் திரும்பி நிற்கிறது என்று மகிழ்ந்து இன்னும் ஓரடி முன்னே வைக்கிறார்கள். அதற்குப் பிறகு நேர்வது விலங்கின் குற்றமாக எழுதப்படுகிறது. 'மூர்க்க விலங்கைப் பிடித்துக் கொண்டு போங்கள்' என்று கூக்குரல் எழுகிறது.

இந்த விஷயத்தில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் காட்டுமாடு இடம் பெற்றிருக்கிறது. அதை வேட்டையாடினால் மூன்று வருஷத்திற்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறைவாசம். துப்பாக்கியிலிருந்து அதற்குப் பூரண பாதுகாப்பு இருக்கிறது, மகிழ்ச்சி. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, வனவிலங்கைச் சீண்டுவதையும் துன்புறுத்துவதையும், குப்பை போடுவதையுங்கூடத் தடுக்கிறது. ஆனால் எங்கே? சரணாலயத்துக்குள்ளே. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். 28-ஆவது பிரிவு, படம் எடுப்பதற்காக உள்ளே செல்ல அனுமதி வழங்குவதைப் பற்றிச் சொல்கிறது. 2022-இல் செய்த திருத்தத்தின்படி, வாழிடத்தை மாற்றாமலும் விலங்குக்குத் தீங்கு நேராமலும் எடுக்கும் படத்துக்கே அனுமதி. இதுவும் அந்த எல்லைக்குள்ளேதான்.

ஏற்காட்டில் தேசியப் பூங்கா கிடையாது. தமிழ்நாட்டிலுள்ளவை கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா ஆகிய ஐந்துதான். சேர்வராயன் மலையில் இருப்பவை காப்புக்காடுகளும், அவற்றின் நடுவே தோட்டங்களும், கிராமங்களும், விடுதிகளுமே. முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கினால் வனத்துறையினர் அபராதம் விதிக்கிறார்கள். ஏற்காட்டிலோ அதே ஜாதி மாட்டை அரை மணி நேரம் வளைத்து நின்றாலும் கேட்பாரில்லை. எல்லைக்கல்லுக்கு உள்ளே பிறந்த மாட்டுக்கு ஒரு நீதி, வெளியே பிறந்த மாட்டுக்கு வேறொரு நீதியா?

படம் பிடிப்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. துப்பாக்கி இருந்த கையில் காமிரா வந்தது இந்த நாட்டுக் காடுகளுக்கு ஒரு பெரும் பாக்கியம். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த சாம்பியன் என்ற ஆங்கிலேயர், புலி நடமாடும் பாதையில் கம்பியைக் கட்டி வைத்து, புலி தானே வந்து அதை மிதிக்கும்போது படம் பதியும்படி செய்தார். 1927-இல் அப்படங்கள் நூலாக வெளிவந்தன. நமது மாநிலத்திலேயே மா. கிருஷ்ணன் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர்; 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். தாமே இணைத்துக் கட்டிய காமிராவுடன் காடு காடாக அலைந்து, பல சமயம் யானை முதுகிலிருந்தே, கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களில் விலங்கு தன் போக்கில் இருக்கும். படம் எடுத்தவரின் முகம் எங்கும் இராது. இன்று எடுக்கப்படும் படங்களில் முக்கால் பங்கு எடுத்தவரின் முகம், மிச்சத்தில் மாட்டின் கொம்பு.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காமிரா விலங்கோடு நிற்பதில்லை. மலையின் உச்சியில், ஐயாயிரத்து முந்நூறு அடிக்கு மேல், குகைக்குள் சேர்வராயன் கோயில் இருக்கிறது. அது மலையாளிகளின் கோயில். (கேரளத்தாரல்லர், காஞ்சியிலிருந்து மலையேறி வந்ததாகப் பரம்பரைக் கதை சொல்லும் தமிழ்ப் பழங்குடியினர்.) அவர்களுடைய பெண்டிர் தலைச்சுமையோடு நடந்து போகும்போதும், வாசலில் தானியம் புடைக்கும்போதும், ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுத்துச் செல்கிறார்கள். தம் வீட்டுப் பெண்களை அந்நியன் ஒருவன் இப்படிப் படம் எடுத்தால் இந்தக் கனவான்கள் சும்மா இருப்பார்களா? மலைக்காரன் என்றால் அவனும் காட்சிப் பொருளோ?

காமிராவுக்கு வேலை இல்லாமலில்லை. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக இம்மலையில் பல வருஷங்கள் பாக்சைட் தாது வெட்டி எடுக்கப்பட்டது. வெட்டிய இடங்களைப் போய் படம் எடுங்கள். மரத்தைச் சாய்த்து விடுதி எழும்பும் சரிவைப் படம் எடுங்கள். கிளியூர் அருவியின் பாறை இடுக்கில் சேரும் பிளாஸ்டிக்கைப் படம் எடுங்கள். தேதியும் இடமும் குறித்து அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். சேர்வராயன் பெயரையே தன் சாஸ்திரப் பெயரில் தாங்கிய வெர்னோனியா ஷெவராயன்சிஸ் என்ற மரம் இங்கே உண்டு. எத்தனை பேரிடம் அதன் படம் இருக்கிறது? அது சீறாது, முட்டாது. ஆகவே அதன் பக்கத்தில் நின்றால் வீரம் இல்லை போலும்.

கட்டுப்பாடு என்றவுடன் சர்க்காருக்குத் தோன்றும் யோசனை கட்டணம் ஒன்றுதான். காமிராவுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வசூலித்துவிட்டால் கடமை முடிந்தது. இதை நாம் ஆக்ஷேபிக்கிறோம். பணமுள்ளவன் மாட்டை வளைக்கலாம், ஏழை தூரத்திலிருந்தும் பார்க்கக்கூடாது என்பது என்ன நியாயம்? சென்னை ஹைகோர்ட்டு உத்தரவின்படி 2024-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் முன்பதிவுச் சீட்டு பெற வேண்டியதாயிற்று. அது வண்டிகளின் தொகைக்குப் பரிகாரம். மனிதரின் நடத்தைக்குப் பரிகாரம் அன்று. மேலும், ஏற்காட்டில் வருகையாளரை நம்பி வயிறு கழுவும் சிறு கடைக்காரர்களும் வண்டியோட்டிகளும் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடும் எந்த ஏற்பாட்டையும் நாம் ஆதரிக்க முடியாது.

வேண்டுவது இவ்வளவுதான். விலங்குக்கும் மனிதருக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தைக் குறித்து, சரணாலயத்தில் உள்ள தடையைப் போன்ற ஒன்றை மலைச் சாலைகளுக்கும் தோட்டங்களுக்கும் பொருந்தும்படி உத்தரவாகப் பிறப்பிக்க வேண்டும். மாடுகள் சாலையைக் கடக்கும் இடங்களில் வண்டி நிறுத்துவதைத் தடுக்க வேண்டும். அறிவிப்புப் பலகைகள் தமிழில், தெளிவாக இருக்க வேண்டும். காவலுக்கும் வழிகாட்டுவதற்கும் மலையாளி இளைஞர்களை மாதச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும். எந்த மாடு எந்தச் சரிவில் எந்நேரத்தில் இறங்கும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தோட்ட முதலாளிகளும் மாடுகளின் பழைய வழிகளில் வேலியைத் திறந்துவிட இசைய வேண்டும்; அவர்கள் தாமாக இசையாவிட்டால் சர்க்கார் இசையச் செய்ய வேண்டும்.

ஏற்காட்டுக் கோடை விழா வழக்கமாக மே மாதத்தில் நடைபெறுகிறது. கூட்டம் மிகுதியாவது அப்பொழுதுதான். அடுத்த விழாவின் மலர்க்கண்காட்சிக்குப் பந்தல்கால் நடும் முன்பாகவே இந்த உத்தரவு வெளிவரும்படி சேலம் கலெக்டரும் வன அதிகாரிகளும் செய்வார்களென்று எதிர்பார்க்கிறோம்.