பேராசை என்று சொல்லிவிட்டால் போதுமா?

“வாழ்த்துகள்! உலகெங்கும் உள்ள மின்னஞ்சல் முகவரிகளைக் கணினி வழி குலுக்கியதில், உங்கள் முகவரிக்கு ஒரு மில்லியன் பவுண்டு பரிசு விழுந்துள்ளது.”

இப்படியொரு மின்னஞ்சல் வராதவர் நம்மில் அரிது. வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம், அழித்து விடுகிறோம். யாராவது ஏமாந்ததாக நாளிதழில் செய்தி வந்தால், “பேராசை பெரு நஷ்டம்” என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். நானும் 2021-ஆம் ஆண்டு வரை அப்படித்தான் இருந்தேன்.

அந்த ஆண்டு ஒரு மாலையில் எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு மாமா கைத்தொலைபேசியோடு வந்தார். முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். “பாப்பா, நீதான் படிச்ச புள்ள. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு” என்றார். ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கடிதம். குலுக்கல் எண், சீட்டு எண், பரிசுக் கோப்பு எண் என்று வரிசையாக எண்கள். கீழே ஒரு வழக்கறிஞரின் கையொப்பம். நான் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, “மாமா, இதெல்லாம் சும்மா” என்று சிரித்தேன். என் அண்ணன் அதோடு விடவில்லை. அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் “லண்டன் கோடீஸ்வரர் வர்றாரு” என்று கேலி செய்தான். மாமாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் எங்களிடம் எந்தக் கடிதத்தையும் காட்டவில்லை. ஆனால், பதில் எழுதிக் கொண்டிருந்தார். முதலில் பத்திரங்களை அனுப்பும் கூரியர் செலவு என்று 850 வெள்ளி. அடுத்து வரி என்று 2,600 வெள்ளி. அதற்கடுத்து, இந்தப் பணம் கள்ளப் பணமல்ல என்று காட்டும் சான்றிதழுக்கு 3,800 வெள்ளி. ஆக மொத்தம் 7,250 வெள்ளி, ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணம். வீட்டுக் கூரையை மாற்ற வேண்டுமென்று அத்தை வங்கிக்குப் போன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது.

இந்த ஏமாற்று வேலை புதியதன்று. கணினி இல்லாத பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ‘ஸ்பெயின் கைதி’ என்ற பெயரில் கடிதங்கள் வந்தன. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஒரு பணக்காரர் அடைபட்டிருக்கிறார், அவரை மீட்கச் சிறிது பணம் கொடுத்தால் அவருடைய செல்வத்தில் பங்கு கிடைக்கும் என்பதே அக்கடிதங்களின் சாரம். பின்னாளில் நைஜீரியாவிலிருந்து இதே போன்ற கடிதங்கள் ஏராளமாக வந்ததால், அந்நாட்டுக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணைக் கொண்டு இதற்கு ‘419’ என்றே பெயர் வந்தது. ஏமாற்றுக்காரரை நம் பெரியவர்கள் ‘நானூற்று இருபது’ என்பார்கள். மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் ஏமாற்றிப் பொருள் பறிக்கும் குற்றத்திற்கு அதே 420-ஆம் பிரிவுதான். கதை மாறினாலும் வழி ஒன்றுதான்: பெரிய தொகையைக் காட்டிச் சிறிய தொகையை முன்பணமாகக் கறப்பது.

இக்கடிதங்கள் உண்மையான பெயர்களின் மேல் சவாரி செய்கின்றன. பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டு முதல் தேசிய லாட்டரி நடக்கிறது. ஸ்பெயினில் 1812-ஆம் ஆண்டிலிருந்து கிறிஸ்துமஸ் லாட்டரி நடந்து வருகிறது. இவை பொய்யல்ல. ஆனால், இவற்றில் சீட்டு எடுத்தவருக்குத்தான் பரிசு. மின்னஞ்சல் முகவரியைக் குலுக்கிப் போட்டு யாருக்கும் பரிசு தருவதில்லை. நாலு நம்பர் எழுதும் நம் மாமாக்களுக்கும் இது தெரிந்த கணக்குதான். நம்பர் கடையில் எழுதாத நம்பருக்கு என்றைக்காவது பணம் கொடுத்திருக்கிறார்களா?

அடையாளம் காண்பது கடினமன்று. பரிசு கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டால் அது பரிசன்று. கூரியர், வரி, காப்புறுதி, சான்றிதழ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. பணத்தைப் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருக்கும். “இத்தனை நாளுக்குள்” என்று அவசரப்படுத்துவார்கள். மின்னஞ்சலில் ‘அனுப்புநர்’ என்று தெரியும் பெயரையும் நம்ப முடியாது. கடித உறையின் பின்புறம் யார் வேண்டுமானாலும் எந்த முகவரியையும் எழுதலாம் அல்லவா? அது போலத்தான் இதுவும். பதில் போய்ச் சேரும் முகவரி வேறாக இருக்கிறதா என்று பார்த்தாலே பல நேரங்களில் குட்டு வெளிப்பட்டு விடும்.

இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவைதாம். அப்படியானால், இவ்வளவு வெளிப்படையான பொய்யை ஏன் இன்னும் அனுப்புகிறார்கள்? இதற்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மக் ஹெர்லி 2012-ஆம் ஆண்டு ஒரு விளக்கம் கொடுத்தார். மின்னஞ்சலை ஆயிரக்கணக்கில் அனுப்புவதற்குச் செலவே இல்லை. பதில் எழுதுபவரோடு நாள்கணக்கில் பேசிப் பணம் கறப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. ஆகவே, பாதியில் சந்தேகப்பட்டு ஓடிவிடக் கூடியவர்கள் முதலிலேயே விலகிவிட வேண்டும். நம்ப முடியாத கதைதான் அவர்களை வடிகட்டும் சல்லடை என்கிறார் அவர்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. நான் சிரித்ததில் என் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. அந்தக் கடிதம் என்னைத் தேடி வரவில்லை, மாமாவைத் தேடித்தான் வந்தது.

மாமாவிடம் இருந்தது பேராசையா? அவர் பென்ஸ் கார் கேட்கவில்லை. கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாரி முதலாளி முதல் அலுவலக முகப்புக்காரர் வரை எல்லாரும் அதட்டியே பேசிய மனிதரை, “மதிப்பிற்குரிய ஐயா” என்று அழைத்துத் தொடங்கியது அந்தக் கடிதம். அந்த வரியையும் நான்தான் அழகாக மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அக்கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. “பரிசைப் பெறும் வரை யாரிடமும் சொல்ல வேண்டாம்.” வேறு யாராவது உரிமை கோரிவிடக் கூடாதாம்! உண்மையில், அறிந்தவர்களிடமிருந்து மாமாவைப் பிரித்து வைக்கத்தான் அந்த வரி. ஆனால், அந்த வேலையை அவர்கள் செய்யத் தேவையே இருக்கவில்லை. நாங்கள் செய்த கேலி அதைச் செய்து முடித்தது. இரண்டாம் முறை பணம் கேட்டபோது தனக்கே சந்தேகம் வந்ததாக மாமா பின்னர் சொன்னார். “உங்ககிட்ட கேட்டா சிரிப்பீங்கன்னுதான் கேக்கல பாப்பா.” இந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவேதான், “பேராசை” என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும் என்கிறேன். ஆசை இல்லாமல் யாரும் ஏமாறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால், அந்தச் சொல் ஏமாந்தவரின் வாயை அடைக்கிறது. வெட்கப்பட்டவர் வீட்டிலும் சொல்ல மாட்டார், போலீசிலும் புகார் செய்ய மாட்டார். போன பணத்தை எப்படியாவது மீட்டுவிட வேண்டுமென்று மேலும் கொடுப்பார். “நீங்கள் இழந்த பணத்தை நாங்கள் மீட்டுத் தருகிறோம்” என்று அடுத்த ஏமாற்றுக்காரன் வந்தால் அவனிடமும் மாட்டுவார். வெட்கம் இவர்களின் கூட்டாளி. அதை வளர்ப்பவர்கள் நாம்.

இன்று உதவிக்கு வழிகள் உள்ளன. 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணில் அழைக்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறி விட்டால் பிடிப்பது கடினம். ஒரு வங்கிக் கணக்கின் மீதோ தொலைபேசி எண்ணின் மீதோ புகார் உள்ளதா என்பதை அரச மலேசிய போலீஸ் படையின் ‘செமாக் மியூல்’ இணையத்தளத்தில் பார்க்கலாம். மாணவர்களாகிய நாமும் கவனமாக இருக்க வேண்டும். “உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறேன்” என்று கேட்பவரிடம் ஏ.டி.எம். அட்டையைக் கொடுப்பவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. மாமாவின் 3,800 வெள்ளி போய் விழுந்ததும் அப்படி ஒரு கணக்காக இருக்கலாம்.

ஆனால், இந்த எண்களும் தளங்களும் மாமாவுக்கு நேரே போய்ச் சேராது. நம் வழியாகத்தான் போய்ச் சேரும். நம் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் ஆங்கிலக் கடிதமும் மலாய்க் கடிதமும் முதலில் வருவது வீட்டில் படித்த பிள்ளையின் கைக்குத்தான். சொற்களை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுத்தால் நம் கடமை முடிந்துவிடாது. எழுதியவன் எதற்காக எழுதியிருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதையும் சிரிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

மாமாவின் பணம் திரும்பி வரவில்லை. கூரையைத் தாமான் இளைஞர்கள் சேர்ந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். விடுமுறையில் வீட்டுக்குப் போனால் மாமா இப்போதும் கைத்தொலைபேசியோடு வருகிறார். சில வேளை அது உண்மையான மின்சாரக் கட்டண அறிவிப்பாக இருக்கும். சில வேளை வேறு ஏதோ ஒரு நாட்டின் ‘பரிசாக’ இருக்கும். இரண்டையும் ஒரே பொறுமையோடு படித்துச் சொல்கிறேன். அவர் என்னிடம் கொண்டு வந்து காட்டுகிறாரே, அதுவே எனக்குப் போதும்.