நாலு காசுக் காகிதம், நூறு காசு மிரட்டல்!

டாலர் மழை பொழியும் தேசம் என்று பேசப்படுகிற அமெரிக்காவிலே, டெலிபோன் மணி அடித்தால் எடுக்கப் பயப்படுகிற தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். மகன் பேசலாம், மேஸ்திரி பேசலாம். வசூல் கம்பெனிக்காரனும் பேசலாம். “ஆஸ்பத்திரி பாக்கி 2,000 டாலர் நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் 800 கட்டினால் பைசல் செய்துகொள்கிறோம். தவறினால் இந்தச் சலுகை இல்லை” என்கிறது குரல். அந்த நாளில் நம் ஊர் வாசலிலே தடியோடு குந்தியிருந்த ஈட்டிக்காரனை அக்கம்பக்கத்தார் கண்ணாலாவது பார்த்தார்கள். இவன் முகம் யாருக்கும் தெரியாது. காலை 8 மணி முதல் இரவு 9 மணி வரை கூப்பிட அவனுக்குச் சட்டம் இடம் தருகிறது.

கட்டுவதா, கட்டாமலிருப்பதா?

கேள்வி ஒருவர் இருவருடையதல்ல. வைத்தியத்துக்காகக் கடன்பட்டவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2022-ல் கே.எப்.எப். என்ற சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் செய்திப் பிரிவு கணக்குச் சொன்னது. கடன் தகுதிப் பதிவேடுகளிலே ஏறிய வைத்திய பாக்கி மட்டும் 8,800 கோடி டாலர் என்று அந்நாட்டு சர்க்காரின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு இலாகா அதே ஆண்டு அறிவித்தது. சூதாடித் தோற்ற பணமா இது? குடித்துத் தொலைத்த பணமா? நெஞ்சு வலித்தது, கால் முறிந்தது, பிள்ளை பிறந்தது, அதற்குப் போட்ட பில்!

அந்தப் பில் எப்படி வசூல்காரன் கைக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி கமிஷனுக்கு ஆள் வைத்து வசூலிப்பதும் உண்டு. பாக்கிகளைக் கட்டுக்கட்டாக விற்றுத் தலைமுழுகிவிடுவதும் உண்டு. என்ன விலைக்கு? பலவகைக் கடன்களையும் சேர்த்து ஆராய்ந்த அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன், கடன் வாங்கும் கம்பெனிகள் ஒரு டாலர் பாக்கிக்குச் சராசரியாக 4 காசுதான் கொடுக்கின்றன என்று 2013-ல் எழுதியது. பழைய வைத்தியக் கடனுக்கு அந்த விலையும் இல்லை. 2016-ல் ஜான் ஆலிவர் என்ற டெலிவிஷன் நையாண்டிக்காரர் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி டாலர் வைத்திய பாக்கியை வெறும் 60,000 டாலருக்கு வாங்கி, அத்தனையையும் ரத்து செய்து காட்டினார். டாலருக்கு அரைக் காசுகூட ஆகவில்லை!

இப்போது அந்த 800 டாலர் ‘சலுகை’யை எடைபோடுங்கள். நாலு காசு விலையில் 2,000 டாலர் காகிதத்துக்கு அவன் போட்ட முதல் 80 டாலர். 800 கேட்கிறான். முதலைப்போலப் பத்து மடங்கு! இதற்குத் தள்ளுபடி என்று பெயர், தயவு என்று பெயர்!

அப்படியானால் ஒரு காசும் கொடுக்காதே என்கிறோமா? இல்லை. பயந்துபோய்க் கொடுக்காதே என்கிறோம். காகிதத்தைக் காட்டு என்று முதலில் கேட்க வேண்டும். 1977-ல் வந்த கடன் வசூல் சட்டப்படி, முதன்முதல் தொடர்புகொண்ட 5 நாளுக்குள் கடன் விவரத்தை அவன் எழுத்து மூலம் தர வேண்டும். 30 நாளுக்குள் ‘இதை மறுக்கிறேன்’ என்று எழுதிப் போட்டால், ருசு அனுப்பும் வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டவேண்டிய பில் நோயாளி தலையில் விழுவதுண்டு. கட்டிய பில்லே மறுபடி வருவதுமுண்டு.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. லாப நோக்கமில்லை என்று சொல்லி வரிவிலக்கு வாங்கும் ஆஸ்பத்திரிகள், ஏழைகளுக்கு உதவும் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் விதித்தது. முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை அதற்கு மனுப்போடலாம். பில்லின் மூலையிலே பொடி எழுத்தில் இருக்கிறது அந்தச் செய்தி! பார்க்காதவன் என்ன செய்கிறான்? கட்டவேண்டியதே இல்லாத பணத்திலே பாதியைக் கட்டிவிட்டு, பாதி மிச்சம் என்று மனைவியிடம் சொல்லி மகிழ்கிறான்.

பழைய பாக்கியிலே வேறொரு கண்ணி. புரோ நோட்டு எழுதிக் கொடுத்த நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று வருஷம் முடியப்போகிற நோட்டின் முதுகிலே பத்து ரூபாய் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், நோட்டுக்கு மறுபடி மூன்று வருஷ ஆயுள்! அங்கேயும் அதே வித்தைதான். வழக்குப் போடும் கெடு பெரும்பாலான மாநிலங்களில் மூன்று முதல் ஆறு வருஷம். கெடு தாண்டிய கடனுக்கு வழக்குப் போடுவதும், போடுவேன் என்று மிரட்டுவதும் 2021 நவம்பர் முதல் மத்திய விதிப்படி தடை. ஆனால் பல மாநிலங்களில், ‘நல்லெண்ணத்துக்கு ஒரு 20 டாலர் போடுங்கள்’ என்ற தேன்மொழிக்கு மயங்கி 20 டாலர் கட்டினால் செத்த கடன் எழுந்து உட்காரும்.

ஆனால் சம்மன் வந்தபின் சும்மா இருப்பது தைரியமல்ல, தற்கொலை. கடன் வழக்குகளிலே, கணக்குக் கிடைத்த இடங்களில், நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பிரதிவாதி வராமலே ஒருதலையாகத் தீர்ப்பாகின்றன என்று பியூ அறக்கட்டளை 2020-ல் காட்டியது. தீர்ப்பானால் சம்பள ஜப்தி. பிடித்தம் போகக் கைக்கு வருவதில் கால் பங்கு வரை பிடிக்கலாம். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் இத்தகைய கடனுக்குச் சம்பளத்தைத் தொட விடுவதில்லை. கடனுக்குச் சிறை இல்லை என்பார்கள். கான்சாஸ் மாநிலத்துக் காபிவில் ஊரிலே, வைத்தியக் கடன் விசாரணைக்கு வராதவர்களைப் பிடித்து 500 டாலர் ஜாமீன் கேட்டதை 2019-ல் புரோபப்ளிகா பத்திரிகை வெளியிட்டது. கடனுக்கல்லவாம், கோர்ட்டுக்கு வராத குற்றத்துக்காம்! சிறைக்கதவுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

ஆகவே பாக்கி உண்மையானது, கெடு தாண்டாதது, உதவித் திட்டமும் கைகொடுக்கவில்லை, கையிலே ரொக்கம் இருக்கிறது என்றால் பைசல் செய்வதே புத்தி. இத்தனை டாலரோடு கணக்குத் தீர்ந்தது என்று எழுதி வாங்கியபின் பணம் கொடுக்க வேண்டும். பாங்குக் கணக்கைத் திறந்துவிடக் கூடாது. வட்டி அட்டையில் ஏற்றிக் கட்டுவது மகா மோசம். வைத்தியக் கடன் வட்டிக் கடனாக மாறிவிடும். வாடகைப் பணத்தை எடுத்துக் கட்டுவதும் வேண்டாம். ‘பெயர் கெட்டுவிடும்’ என்ற மிரட்டலும் முன்போல் எடுபடாது. கட்டித் தீர்த்த வைத்திய பாக்கியை 2022 முதலும், 500 டாலருக்கு உட்பட்டதை 2023 முதலும் மூன்று பதிவேட்டுக் கம்பெனிகளும் நீக்கிவிட்டன. மிச்சத்தையும் நீக்க 2025 ஜனவரியில் சர்க்கார் விதி செய்தது. ஜூலையிலே டெக்சாஸ் மத்தியக் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

தர்மவான்கள் பாக்கிகளை மலிவாக வாங்கி ரத்து செய்கிறார்களே என்றால், நல்ல மனசுதான். ஆனால் அப்படி ரத்தானவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், சராசரியில் அவர்களுடைய பணநிலையும் மனநிலையும் தேறக் காணோம் என்று 2024-ல் எழுதினார்கள். வியப்பென்ன? தூக்கம் கெட்டு, மருந்தை நிறுத்தி, வண்டியை விற்று, எல்லாம் முடிந்த பிறகு வருகிற தபால் அது.

வேறு வழியும் தெரிந்திருக்கிறது. வடக்குக் கரோலினா மாநில சர்க்கார், ஏழைகளின் மருத்துவத் திட்டத்திலிருந்து கூடுதல் பணம் வேண்டுமானால் 2014 முதலான ஏழைகளின் பாக்கியைத் தள்ளு, இனி வருமானம் குறைந்தவருக்குப் பில்லைக் குறை என்று நிபந்தனை போட்டது. 2024 ஆகஸ்டில் 99 ஆஸ்பத்திரிகளும் ஒப்புக்கொண்டன, ஒன்றுகூட மிச்சமில்லாமல்! அப்படிப்பட்ட கூடுதல் பணத்தை 2028 முதல் படிப்படியாக வெட்ட, 2025-ல் வாஷிங்டன் சட்டம் செய்திருக்கிறது. வெட்டு விழும்போது அந்த 99 ஆஸ்பத்திரிகளும் பழைய வசூல்காரனைக் கூப்பிடாமலிருக்குமா என்பதை அம்மாநிலத் தொழிலாளர்கள் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.