இருமலை எண்ணுவோர் கேட்காத கேள்வி

முழு மயக்கத்தில் அறுவை முடிந்ததும், மூச்சுப் பாதையில் செருகிய குழலை வெளியே எடுக்கும் சில நிமிடங்களைப் பற்றி இந்திய மயக்கவியல் இதழ்களில் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. இருமலைத் தணிப்பதில் சிறந்தது லிக்னோகைனா, ஃபென்டனிலா, டெக்ஸ்மெடடோமிடினா என்ற கேள்வி முதுநிலை ஆய்வேடுகளின் நிரந்தரத் தலைப்பாகிவிட்டது. அவற்றில் பலவும் கையாளும் அளவுகோலுக்கு ஐந்து படிகள். இருமல் இல்லையெனில் ஒன்று, ஓரிரு முறை எனில் இரண்டு, இப்படியே ஏறி, பத்து முறைக்கு மேல் இருமிக் குரல்வளையும் இறுகினால் ஐந்து. அந்த ஐந்தாம் படிக்கு 'மிகுந்த அசௌகரியம்' என்று விளக்கம் தரப்படுகிறது.

அசௌகரியம் நோயாளியுடையது. அதைத் தீர்மானிப்பவரோ அருகில் நின்று எண்ணுபவர். முன்னிலையில் கேட்டறிய வேண்டியதைப் படர்க்கையில் எழுதி முடிக்கிறது இந்த அளவுகோல். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அட்டவணையாகின்றன. மறுநாள் வார்டில் அவரிடமே கேட்ட பதிலுக்கு ஓர் அட்டவணை அரிதினும் அரிது.

மருந்துகள் பயனற்றவை என்பதல்ல வாதம். பிரிட்டிஷ் மயக்கவியல் இதழில் 2020-இல் வெளியான தொகுப்பாய்வு, 5,286 நோயாளிகளை உள்ளடக்கிய 70 ஆய்வுகளை ஒப்பிட்டு, டெக்ஸ்மெடடோமிடினை முதலிடத்தில் வைத்தது. மலிவான லிக்னோகைனும் பயன் தந்தது. குழலின் நுனியிலுள்ள காற்றுப்பையில் காற்றுக்குப் பதிலாக அதை நிரப்பினால், சவ்வின் வழியே மெல்லக் கசிந்து மூச்சுக்குழாயை மரக்கச் செய்கிறது. மூளை, கண், தைராய்டு அறுவைகளில் இருமல் தையலைப் பாதிக்கும், குருதிக்கசிவைத் தூண்டும் என்பதால் இத்தகைய கவனம் முன்பே இருந்தது. கொரோனாக் காலத்தில் இருமல் சுற்றி நிற்பவர்களுக்கு ஆபத்தானபோது, அதை மருந்தால் அடக்குவது வழிகாட்டுதல்களில் இடம்பிடித்தது. அந்த எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் நோயாளியின் திணறல் மட்டுமே காரணமாக இருந்த காலத்தில் இவ்வளவு அவசரம் காணப்படவில்லை.

'இருமல் இயல்பானது, அது காற்றுப்பாதையைக் காக்கிறது' என்பது வழக்கமான மறுப்பு. பாதி உண்மை. ஆழ்ந்த மயக்கத்திலேயே குழலை எடுத்தால் பாதை அடைபடலாம், இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் இறங்கலாம். டெக்ஸ்மெடடோமிடின் நாடித்துடிப்பைக் குறைக்கும். விழிப்பும் சற்றுத் தாமதமாகலாம். எனவேதான் பெரும்பாலும் விழிக்கவைத்தே எடுக்கிறார்கள். விழித்துவிட்டாரா என்பதை எப்படி அறிகிறார்கள்? பேசி.

தில்லிக்கு இந்தக் கேள்வி மிகவும் பொருந்தும். 1956-இல் தொடங்கப்பட்ட எய்ம்ஸ் உட்பட இந்நகரின் பெரிய மருத்துவமனைகளுக்கு எல்லா மாநிலத்தவரும் வருகிறார்கள். அறுவை அரங்கில் ஒலிப்பதோ பெரும்பாலும் 'ஆங்க் கோலோ', 'லம்பீ சான்ஸ் லோ'. டெக்ஸ்மெடடோமிடினின் புகழே, உறக்கத்தில் இருப்பவரும் அழைத்தால் விழித்துச் சொன்னதைச் செய்வார் என்பதுதான். இந்தி அறியாத மதுரைக்காரருக்கோ மணிப்பூர்க்காரருக்கோ அந்த அழைப்பு வெறும் ஓசை. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது; சொல் செய்யவில்லை. பணியாதவரை 'இன்னும் தெளியவில்லை' என்றோ 'முரண்டு பிடிக்கிறார்' என்றோ எளிதில் குறித்துவிடலாம். குழல் தொண்டையிலேயே நீடிக்கும்.

தசைத்தளர்ச்சி நீங்கியதா என அறிய ஐந்து நொடி தலையைத் தூக்கச் சொல்வதும் இப்படித்தான். அது தசைச் சோதனையாகக் கருதப்படுகிறது. அதற்குள் ஒரு மொழிச் சோதனையும் ஒளிந்திருக்கிறது. நரம்பைத் தூண்டித் தசையின் துலங்கலை 0.9 என்ற விகிதம் வரை அளக்கும் கருவிக்கு இந்தியும் வேண்டாம், தமிழும் வேண்டாம். தலைதூக்கலைவிட அது நம்பகமானதும்கூட.

மொழி ஒரு பண்பாட்டு அலங்காரம் என்று எண்ணும் மருத்துவக் கல்வி இதைப் பாடத்தில் சேர்க்காது. செலவு என்ன? மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனைப் படிவத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம். நோயாளியிடமோ உடன் வந்தவரிடமோ கேட்டுத் தேவநாகரியில் எழுதிக்கொண்ட மூன்று தொடர்கள்: கண்ணைத் திறங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க, கையை அழுத்துங்க. அடுத்த ஆய்வேட்டின் இறுதியில், இருமல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், இன்னொரு நிரல்: 'குழலை எடுத்தது நினைவிருக்கிறதா, எப்படி இருந்தது?' என்று அவரவர் மொழியில் கேட்டுப் பெற்ற விடை.