ஊற்றுவது யார், நிறுத்துவது யார்?

ஜாசின் பக்கத்துத் தம்பி ஒருவர் போன வாரம் வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் பொறியியலாளர். கம்பெனி அவரைப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்புகிறது, அதுவும் பிஸ்னஸ் கிளாஸில்.

"அண்ணே, ஏறி உட்கார்ந்ததுமே ஷாம்பேன் கொண்டாந்து நீட்டுவாங்களாம். எங்க வீட்ல தாத்தா காலத்துல கள்ளால பட்ட பாடு உங்களுக்கே தெரியும். வேணாம்னு சொன்னா பட்டிக்காட்டான்னு நினைப்பாங்களா? வாங்கிக் குடிச்சா தப்பா?"

இதை அவருக்கு மட்டும் பதில் சொல்லி முடித்துவிட மனம் வரவில்லை. மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கால் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று கம்பெனி செலவிலோ, சேர்த்து வைத்த புள்ளிகளிலோ விமானத்தின் முன்பகுதியில் உட்கார்ந்து போகிறார்கள். அங்கே நடக்கும் உபசாரத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. லயத்து வீட்டில் பிறந்த அப்பாவுக்கும் அது தெரியாது.

கிண்ணம் எப்படி வருகிறது?

என் அக்கா மகள் எட்டு வருடமாக விமானப் பணிப்பெண். அவள் சொல்லித்தான் எனக்கு இந்த முறை முழுதாக விளங்கியது.

கதவு மூடுவதற்கு முன்பே ஒரு தட்டு வரும். அதில் ஷாம்பேன் இருக்கும். பக்கத்திலேயே பழச்சாறும் தண்ணீரும் இருக்கும். விமானம் மேலே ஏறிச் சீரானதும் உணவுப் பட்டியலோடு ஒயின் பட்டியலும் கிடைக்கும். பொதுவாக ஒரு ஷாம்பேன், இரண்டு மூன்று வெள்ளை, இரண்டு மூன்று சிவப்பு, கடைசியில் இனிப்போடு குடிக்கப் போர்ட் என்ற இனிப்பு ஒயின். நீங்கள் கேட்டதும் பாட்டிலின் பெயர்ச்சீட்டை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள். ஒரு வாய் மட்டும் ஊற்றி, நீங்கள் தலையாட்டும் வரை காத்திருப்பவர்களும் உண்டு. கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரப்புவார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். ஒயினின் மணம் கிண்ணத்துக்குள் சுற்றி வர இடம் வேண்டும். தரையிறங்கும் முன் மதுபானம் உள்ள வண்டிகளைப் பூட்டி, எண்ணிட்ட முத்திரை போட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதி வைப்பார்கள். வரி கட்டாத சரக்கு என்பதால் சுங்கத்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அக்கா கேட்ட முதல் கேள்வி, "சாராயம் ஊத்திக் குடுக்கிற வேலையாடி?" என்பதுதான். மகள் கோபப்படவில்லை. "ஊத்துறதுக்கு ரெண்டு நாள்ல பழகிடலாம்மா. யாருக்கு எப்ப நிறுத்தணும்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலையே" என்றாள். இந்தப் பதிலுக்குப் பிறகு வருகிறேன்.

மேலே போனால் நாக்கு மாறும்

விமானத்துக்கு ஒயின் தேர்வு செய்வது தனித் தொழில். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதற்கென்றே உலகப் பெயர் பெற்ற ஒயின் வல்லுநர்களைக் குழுவாக வைத்திருக்கிறது. எமிரேட்ஸ் நல்ல ஒயின்களை முன்கூட்டியே வாங்கி, பிரான்சின் பர்கண்டி பகுதியில் உள்ள கிடங்கில் பல ஆண்டுகள் முதிர வைத்துப் பிறகு விமானத்தில் ஏற்றுகிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு? தரையில் சுவைக்கும் ஒயின் மேலே அப்படிச் சுவைக்காது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், அறைக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது. கெந்திங் மலை உச்சி ஏறத்தாழ 6,000 அடி. ஊட்டி 7,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். ஈரப்பதமோ பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே. மலாக்காக் கடற்கரைக் காற்றில் வளர்ந்த மூக்கு அங்கே காய்ந்து போய்விடும். மூக்கு காய்ந்தால் பாதிச் சுவை போனது மாதிரி.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம், லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக, பழைய ஏர்பஸ் ஒன்றின் முன்பகுதியை அழுத்தம் குறைக்கும் கூடத்துக்குள் வைத்து 2010 வாக்கில் சோதித்தது. உப்பும் இனிப்பும் அங்கே மங்கித் தெரிந்தன. நம் ஏலக்காய், கறி மசாலா வாசனைகள் அவ்வளவாகக் குன்றவில்லை. ஒயினில் பழச்சுவை அடங்கிவிடும். புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாகும். அதனால்தான் துவர்ப்புக் குறைந்த, பழச்சுவை நிறைந்த ஒயின்களைப் பார்த்து எடுக்கிறார்கள். "விலை அதிகமாமே, எனக்குப் புளிச்ச தண்ணி மாதிரி இருந்துச்சு" என்று யாராவது சொன்னால், அவர் நாக்கைக் குறை சொல்லாதீர்கள்.

இலவசம் என்ற வார்த்தை

முன்பகுதி இருக்கைகள்தான் நீண்ட தூர விமானத்தின் பெரிய வருமானம். பெரும்பாலான நிறுவனங்கள் படுக்கையாக விரியும் இருக்கை வைத்துவிட்டன. அடுத்தவரைவிட நான் மேல் என்று காட்ட மிச்சம் இருப்பது சாப்பாடும் ஒயினும் உபசாரமும்தான். அந்த ஷாம்பேனின் விலை டிக்கெட்டில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. உங்கள் கம்பெனி கட்டியிருந்தாலும் யாரோ ஒருவர் கட்டிவிட்டார். எனவே அது தானமும் அல்ல, மறுத்தால் மரியாதைக் குறைவும் அல்ல. வாங்கிய சீட்டில் இருக்கும் ஒரு வசதி. சிலர் அந்த இருக்கையில் போர்வை கேட்காமலே போவதில்லையா?

எல்லா நிறுவனங்களும் ஊற்றுவதும் இல்லை. ராயல் புருணை, சவூதியா, குவைத் ஏர்வேஸ் விமானங்களில் மது கிடையாது. நம் மலேசியா ஏர்லைன்ஸ் 2016 முதல் மூன்று மணி நேரத்துக்கும் குறைவான பயணங்களில் மது வழங்குவதை நிறுத்தியது. இந்தியாவின் உள்நாட்டு விமானங்களிலும் ஊற்றுவதில்லை. அங்கெல்லாம் முன்பகுதியில் மனிதர்கள் மரியாதையாகத்தான் பயணம் செய்கிறார்கள்.

மங்கும் கிண்ணமும்

தம்பியின் கேள்விக்குள் இருந்த கள்ளுக்கடைக்கு வருவோம். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் நம் மலாக்காவின் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் அசஹானில் பெரிதாக நட்டார். ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருகக் கள்ளுக்கடையும் தோட்ட வாழ்க்கையின் அங்கமானது. அது திருட்டுக் கடை அல்ல. உரிமத்தோடு, பல இடங்களில் தோட்டத்து நிலத்திலேயே நடந்தது. சம்பள நாளன்று வாங்கிய வெள்ளி, வீட்டுக்குப் போகும் வழியிலேயே மங்குக் கோப்பையில் கரைந்தது.

அதை எதிர்த்தவர்களும் தொழிலாளர்களே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பிறகு 1946, 47இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக இறங்கியது. குடிப்பது பாவம் என்ற உபதேசத்தோடு அவர்கள் நிற்கவில்லை. கூலி கொடுக்கும் இடத்திலேயே கோப்பையும் ஏன் நீட்டப்படுகிறது என்று கேட்டார்கள்.

தாத்தா மங்கில் குடித்தால் குடிகாரர், பேரன் கண்ணாடிக் கிண்ணத்தில் குடித்தால் நாகரிகம் என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கள்ளில் மதுச்சத்து ஏறத்தாழ 5 விழுக்காடு. 300 மில்லி மங்கு ஒன்றில் சுமார் 12 கிராம் மது. ஒயினில் ஏறத்தாழ 13 விழுக்காடு. 150 மில்லி கிண்ணம் ஒன்றில் சுமார் 15 கிராம். உடம்புக்குள் போன பிறகு ஈரலுக்குக் கண்ணாடியும் தெரியாது, மங்கும் தெரியாது.

வேறுபாடு பாத்திரத்தில் இல்லை. பால்வெட்டி முடித்துக் களைத்து வந்த தாத்தாவுக்குப் போக வேறு இடம் இல்லை, செய்ய வேறு பொழுதுபோக்கும் இல்லை. பேரனின் தட்டில் தண்ணீரும் பழச்சாறும் பக்கத்திலேயே இருக்கின்றன. தாத்தாவுக்குக் கிடைக்காத அந்தத் தேர்வைப் பயன்படுத்துவதுதான் பேரன் காட்டக்கூடிய நாகரிகம்.

குடித்துவிட்டுத் தூங்கினால்

'ரெண்டு கிண்ணம் போட்டுட்டுத் தூங்கிடலாம்' என்பதுதான் நீண்ட பயணத்தில் பலரின் திட்டம். ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையம் இதைச் சோதித்து 2024இல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் வெளியிட்டது. 18 முதல் 40 வயதுள்ள நல்ல உடல்நலம் கொண்டவர்களை, விமானத்துக்குள் இருப்பது போன்ற 8,000 அடி அழுத்தத்தில், ஏறக்குறைய இரண்டு கிண்ணம் ஒயினுக்கு ஈடான மது கொடுத்துத் தூங்க வைத்தார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88 வரை ஏறியது. தரையில் குடிக்காமல் தூங்கியபோது ஆக்சிஜன் 96, துடிப்பு 64.

இளைஞர்களுக்கே இப்படி என்றால் இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள பெரியவர்களுக்கு எப்படி இருக்கும்? நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மதுவால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். நீரிழிவு இல்லாத தமிழ் வீடு நம் நாட்டில் எத்தனை? தூக்க மாத்திரையோடு ஒயின் சேரவே கூடாது.

நிறுத்தும் வேலை

2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டில்லி சென்ற ஏர் இந்தியா விமானத்தின் பிஸ்னஸ் கிளாஸில், குடிபோதையில் இருந்த ஒரு பயணி வயதான பெண்மணி மீது சிறுநீர் கழித்தார் என்று புகார் எழுந்தது. அதைக் கையாண்ட விதத்துக்காக இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தலைமை விமானியின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. அதன் பிறகு ஏர் இந்தியா தன் மது வழங்கும் விதிகளைத் திருத்தியது.

என் அக்கா மகளின் பதில் இங்கேதான் பொருள்படுகிறது. அவள் கண் கிண்ணத்தில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. குரல் ஏறுகிறதா, கண் சிவக்கிறதா, பக்கத்துப் பெண் நெளிகிறாரா என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். மூன்றாவது கிண்ணம் கேட்டவருக்கு முதலில் ஒரு பெரிய குவளைத் தண்ணீரும் சாப்பாடும் போகும். அதற்கும் மேலே கேட்டால், "கொஞ்ச நேரம் கழிச்சுக் கொண்டு வரேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கள்ளுக்கடையில் யாரும் செய்யாத வேலை இது. இப்போதெல்லாம் அக்கா அவளுடைய வேலையைப் பற்றிக் கோயிலில் பெருமையாகவே சொல்கிறார்.

இறங்கிய பிறகும் ஒரு பயணம் உண்டு

சிப்பாங்கில் இறங்கிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து வண்டியை எடுத்து ஆயர் குரோ வரை தானே ஓட்டி வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2020இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 100 மில்லி இரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் எல்லை 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைந்துவிட்டது. அதைத் தாண்டினால் முதல் தடவைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. விமானத்தில் இலவசமாக ஊற்றினார்கள் என்ற காரணம் நீதிமன்றத்தில் எடுபடாது. ஓட்டப் போகிறவர் அன்று குடிக்காமல் இருப்பதே சரி.

எப்படிச் சொல்வது?

தம்பிக்கும் மற்றவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். வேண்டாம் என்றால், "வேண்டாம், நன்றி. ஆரஞ்சுச் சாறு கொடுங்கள்" என்பது போதும். காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். எத்தனையோ மதத்தவரும் மருந்து சாப்பிடுபவரும் அதே வரிசையில் இருக்கிறார்கள். குடிப்பதென்றால் சாப்பாட்டோடு ஒரு கிண்ணம், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு குவளைத் தண்ணீர், தூங்கப் போகும் முன் நிறுத்தம். ஒயின் பெயர் வாயில் நுழையவில்லை என்றால் பட்டியலில் விரலை வைத்துக் காட்டுங்கள். பெரிய அதிகாரிகளும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் சேர்த்த புள்ளிகளில் அப்பா அம்மாவைச் சென்னைக்கோ திருச்சிக்கோ நல்ல இருக்கையில் கூட்டிப் போகும் காலம் இது. பால்மரக் காட்டில் உழைத்த அப்பாவுக்கு, கேட்கக் கேட்க ஊற்றும் இடம் புதிது. குடியை விட்டுப் பல வருடமான அப்பாவாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஏறுவதற்கு முன்பே, வீட்டில் வைத்து, மெதுவாகச் சொல்லிவிடுங்கள்: "அப்பா, அங்க எல்லாம் கொண்டாந்து நீட்டுவாங்க. வேணாம்னு சொல்லலாம், ஒண்ணும் நினைக்க மாட்டாங்க." விமானத்தில் ஏறிய பிறகு அடுத்தவர் முன்னால் கிண்ணத்தைத் தடுத்து அவரைச் சிறுமைப்படுத்தாதீர்கள். தட்டு வரும்போது நீங்கள் முதலில் தண்ணீரை எடுங்கள். பெரும்பாலான அப்பாக்களுக்கு அதுவே போதும்.