இரு மொழியும் அறிந்தவர் யார்?



திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழைந்து பாருங்கள். உங்களில் சிலருக்கு அது புதிய இடமாக இராது. அம்மாவோ அண்ணனோ அங்கே வேலை பார்க்கலாம். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி, கட்டிங் மேசையில் அடுக்கடுக்காக விரிக்கப்பட்டு வெட்டப்படுகிறது. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று துண்டுகள் தனித்தனிக் கட்டுகளாகின்றன. ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். இன்ன அளவு, இன்ன நிறம், இன்ன எண் என்று அது சொல்லும். பவர் டேபிளில் அமர்ந்திருக்கும் டெய்லர் ஒவ்வொரு கையையும் டேப் வைத்து அளப்பதில்லை. அளந்தால் அன்றைய வேலை முடியாது. சீட்டைப் பார்க்கிறார், தைக்கிறார்.

பெரிய அளவுக் கையின் கட்டில், நடுத்தர அளவின் சீட்டைத் தவறிக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? பெரிய கை நடுத்தரச் சட்டையில் ஏறிவிடும். டெய்லர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவர் சீட்டை நம்பினார். சீட்டு அவரை ஏமாற்றியது.

நம் உடலின் செல்களிலும் இதே நிலைதான். மரபுச் செய்தி எவ்வாறு புரதமாகிறது என்ற பாடத்தில், டெய்லரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சீட்டுக் கட்டுபவரைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் பேசுவதில்லை. இது சரியன்று என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு மொழிகள்

டி.என்.ஏ.யின் மொழியில் எழுத்துகள் நான்கே. புரதத்தின் மொழியில் எழுத்துகள் இருபது. அவைதாம் அமினோ அமிலங்கள். டி.என்.ஏ.யில் உள்ள செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. படியெடுத்துக்கொண்டு வருகிறது. அது மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது. நான்கு எழுத்துகளை மும்மூன்றாகச் சேர்த்தால் 4 × 4 × 4 = 64 சொற்கள் கிடைக்கும். அவற்றில் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. மற்ற மூன்றும் ‘இத்துடன் நிறுத்து’ என்பவை.

அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்படுகின்றனவோ, அதைப் பொறுத்தே புரதம் மடிந்து உருவம் பெறும். உருவத்தைப் பொறுத்தே அது வேலை செய்யும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ‘பயோ வாஷ்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பனியன் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை அறுத்து, துணியை வழவழப்பாக்கும் முறை அது. அறுக்கும் வேலையைச் செய்வது செல்லுலேஸ் என்னும் நொதி. அதுவும் ஒரு புரதமே. அதன் வரிசையில் முக்கியமான இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போனால், கத்தி மழுங்கிவிடும்.

இந்த 64 சொற்களின் பொருளைக் கண்டறிந்தது 20-ஆம் நூற்றாண்டின் பெரும் சாதனைகளுள் ஒன்று. 1961-இல் அமெரிக்காவில் மார்ஷல் நிரன்பர்க், ஹைன்ரிக் மத்தை இருவரும் முதல் சொல்லைப் படித்தனர். இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, வரிசை முன்பே தெரிந்த ஆர்.என்.ஏ.க்களைத் தம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, மேலும் பல சொற்களை ஐயமறத் தீர்மானித்தார். 1966-இல் அட்டவணை நிறைவுற்றது. 1968-இல் நிரன்பர்க், கொரானா, ராபர்ட் ஹாலி மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அந்த அட்டவணையை வகுப்பில் காட்டிவிட்டு, ‘ரைபோசோம் இதனைப் படித்துப் புரதமாக மொழிபெயர்க்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு உடன்பாடில்லாத வரி இதுதான். மொழிபெயர்ப்பவர் என்றால் இரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? ரைபோசோமுக்கு ஒரு மொழிதான் தெரியும்.

ஏமாந்த ரைபோசோம்

அமினோ அமிலம் தூது ஆர்.என்.ஏ.யை நேரில் கண்டறிவதில்லை. இடையில் ஓர் இணைப்பான் இருக்க வேண்டும் என்று பிரான்சிஸ் கிரிக் 1955-லேயே ஊகித்தார். அந்த இணைப்பான்தான் கடத்து ஆர்.என்.ஏ. அதன் ஒரு முனையில், தூது ஆர்.என்.ஏ.யின் சொல்லோடு பொருந்தும் மூன்று எழுத்துகள் உண்டு. மறுமுனையில் அமினோ அமிலம் கட்டப்பட்டிருக்கும். அலனினுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ.யின் முழு எழுத்து வரிசையை 1965-இல் வெளியிட்டவர்தான் மேலே சொன்ன ஹாலி. நம் கம்பெனிக் கணக்கில் கடத்து ஆர்.என்.ஏ.தான் சீட்டு, அமினோ அமிலம்தான் துணிக் கட்டு.

ரைபோசோம் பார்ப்பது சீட்டையா, கட்டையா? 1962-இல் சில ஆய்வாளர்கள் இதற்கு அழகான ஒரு சோதனை செய்தனர். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை அதற்குரிய சீட்டில் கட்டினார்கள். பிறகு நிக்கல் கொண்ட ஒரு வினையூக்கியால் சிஸ்டீனிலிருந்த கந்தகத்தை நீக்கினார்கள். கந்தகம் போனால் சிஸ்டீன் அலனினாகிவிடும். இப்போது சீட்டில் ‘சிஸ்டீன்’ என்றிருக்கிறது. கட்டில் இருப்பதோ அலனின். ரைபோசோம் என்ன செய்தது? சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனினைக் கோத்துவிட்டது.

ரைபோசோமைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 2000-ஆம் ஆண்டில் ரைபோசோமின் சிறிய துணை அலகின் அமைப்பை அணு மட்டத்தில் வெளியிட்டார். 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். தூது ஆர்.என்.ஏ.யின் சொல்லும் சீட்டின் எழுத்துகளும் சரியாகப் பொருந்தினவா என்று ரைபோசோம், விரலால் தடவிப் பார்ப்பதுபோல், வடிவத்தைக் கொண்டு சோதிப்பதை அவர் குழுவின் ஆய்வுகள் விளக்கின. ஆனால் அந்தச் சோதனை எழுத்துகள் உள்ள முனையில் நடப்பது. மறுமுனையில் கட்டப்பட்டிருப்பது சரியான அமினோ அமிலம்தானா என்பதை ரைபோசோம் ஏறத்தாழ பார்ப்பதே இல்லை.

அப்படியானால் இரு மொழியும் அறிந்தவர் யார்? சரியான அமினோ அமிலத்தைச் சரியான சீட்டில் கட்டும் நொதிகள்தாம். ‘அமினோ அசைல் டி.ஆர்.என்.ஏ. சிந்தெடேஸ்’ என்பது அவற்றின் நீண்ட பெயர். பெரும்பாலும் அமினோ அமிலத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ இருபது வகை உண்டு. ஒரு கையால் சீட்டையும் மறு கையால் கட்டையும் அறிந்து பிடிப்பவை இவை மட்டுமே. 64 சொற்களின் அட்டவணை செல்லுக்குள் எங்கும் எழுதி மாட்டப்படவில்லை. இந்த இருபது நொதிகளின் வடிவமே அந்த அட்டவணை.

இரண்டு சல்லடைகள்

சீட்டுக் கட்டுவது எளிய வேலையா? ஐசோலூசின், வேலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசோலூசினில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடுதல். வேறு பெரிய வேறுபாடு இல்லை. ஐசோலூசினின் இடத்தில் அதைவிடச் சிறிய வேலின் எளிதாக நுழைந்துவிடும். வடிவத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இருபதில் ஒரு முறையேனும் தவறு நேரும் என்று லைனஸ் பாலிங் 1950-களில் கணக்கிட்டார். பின்னர் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, தவறு ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒன்றுதான் என்று தெரிந்தது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை நீங்களே கணக்கிடலாம். ஒரு புரதத்தில் 20 ஐசோலூசின்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். இருபதில் ஒரு தவறு என்றால், நூறு புரதங்களில் ஏறத்தாழ 36 மட்டுமே இந்த இடங்களில் பிழையின்றி வரும். மூவாயிரத்தில் ஒரு தவறு என்றால் 99 சரியாக வரும். 36 எங்கே, 99 எங்கே! நூற்றுக்கு 64 துண்டு பழுதானால் எந்தக் கம்பெனியும் ஒரு மாதம் தாங்காது.

பாலிங்கின் கணக்கு பிழையன்று. செல்லிடம் அவர் எதிர்பாராத இன்னொரு மேசை இருந்தது. ஆலன் ஃபெர்ஷ்ட் 1977-இல் இதனை ‘இரட்டைச் சல்லடை’ என்று விளக்கினார். நொதியின் முதல் அறை, ஐசோலூசினைவிடப் பெரியவற்றைத் தடுத்துவிடும். சிறியதான வேலின் தப்பி உள்ளே வந்துவிடும். ஆனால் அடுத்த அறையின் வாய் இன்னும் குறுகலானது. அதில் வேலின் நுழையும், ஐசோலூசின் நுழையாது. நுழைந்ததை அந்த அறை அறுத்து எறிந்துவிடும். முதல் சல்லடை பெரியதை நீக்குகிறது. இரண்டாவது சிறியதை அழிக்கிறது. நடுவில் நிற்பது சரியானது.

இதற்கு ஆகும் செலவையும் பாருங்கள். ஓர் அமினோ அமிலத்தைச் சங்கிலியில் சேர்க்கச் செல் நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகளைச் செலவழிக்கிறது. அவற்றில் இரண்டு, அதாவது சரிபாதி, சீட்டுக் கட்டும் மேசையிலேயே போய்விடுகின்றன. தவறாகக் கட்டி அறுத்தெறிந்தால் அந்தச் செலவு தனி.

இடக் கையும் வலக் கையும்

அமினோ அமிலங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளைசீன் தவிர மற்றவை, நம் கைகளைப் போல, இடம் வலம் என்று இரு வடிவங்களில் அமையக்கூடும். ரைபோசோம் கோக்கும் புரதங்களில் இட வடிவத்துக்கே இடம். வல வடிவம் சீட்டில் ஏறிவிட்டால் அதை நீக்குவதற்கென்றே ஒரு தனி நொதி இருக்கிறது. இடக் கையையும் வலக் கையையும் மாற்றித் தைத்துவிடாமல் காப்பவர் போன்றது அது.

அந்த நொதி இடத்தையும் வலத்தையும் எவ்வாறு பிரித்தறிகிறது என்பதை அணு மட்டத்தில் விளக்கியது, ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ராஜன் சங்கரநாராயணன் தலைமையில் இயங்கும் ஆய்வுக் குழு. மரபுக் குறிமுறை பிழையின்றி மொழிபெயர்க்கப்படுவது பற்றிய ஆய்வுகளுக்காக 2020-ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இந்த ‘செக்கிங்’ துறையில் முன்னணியில் நிற்கும் ஆய்வுக்கூடங்களுள் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செக்கிங் தவறினால்

ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதால் என்ன கெடும் என்று கேட்பீர்கள். 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறியப்பட்ட அரிவாள் செல் சோகையை நினைத்துப் பாருங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் உள்ள 146 அமினோ அமிலங்களில் ஒன்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது மூல வடிவத்திலேயே, மரபணுவிலேயே உள்ள பிழை. எல்லா மூலக்கூறுகளிலும் அதே இடத்தில் வரும். எனவே தேடினால் அகப்படும்.

சீட்டுப் பிழை அப்படியன்று. ஒரு மூலக்கூறில் இங்கே, இன்னொன்றில் அங்கே என்று சிதறி வரும். 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வகைச் சுண்டெலியை ஆராய்ந்தனர். அதன் ரோமம் ஒட்டிக் கலைந்திருக்கும், நடை தள்ளாடும், சிறுமூளையின் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக இறக்கும். காரணம், அலனினுக்குச் சீட்டுக் கட்டும் நொதியின் திருத்தும் பகுதியில் இருந்த சிறு குறை. அலனின் இருக்க வேண்டிய இடங்களில் அவ்வப்போது செரின் ஏறியது. பிழையாக மடிந்த புரதங்கள் நரம்புச் செல்களில் குப்பையாகச் சேர்ந்தன. கட்டும் வேலை நின்றுவிடவில்லை. திருத்தும் வேலை சற்றே தளர்ந்தது, அவ்வளவே.

‘அப்படியானால் செல் இன்னும் கடுமையாகச் சரிபார்க்கலாமே?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வழக்கத்தைவிடத் துல்லியமாகப் படிக்கும் ரைபோசோம்களைக் கொண்ட பாக்டீரியாக்கள் உண்டு. அவை புரதத்தை மெதுவாகத்தான் ஆக்குகின்றன; வளர்ச்சியும் மெதுவாகிறது. ஷிப்மென்ட் தேதியும் முக்கியம், தரமும் முக்கியம் என்பது செல்லுக்கும் பொருந்தும். பல ஆயிரம் அமினோ அமிலங்களுக்கு ஒரு பிழை என்ற அளவில் அது சமரசம் செய்துகொண்டிருக்கிறது.

உவமைக்கும் எல்லை உண்டு. செல்லுக்குள் முதலாளி இல்லை, சூப்பர்வைசர் இல்லை, ‘அறிந்து’ செய்பவர் எவரும் இல்லை. மூலக்கூறுகள் மோதுகின்றன, பொருந்துபவை நிற்கின்றன, பொருந்தாதவை விலகுகின்றன. ஆயினும் ஓர் உண்மை இரண்டிடத்திலும் ஒன்றே. தைக்கும் வேகத்தால் மட்டும் சட்டை உருவாவதில்லை.

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ‘அது சும்மா பார்க்கிற வேலைதானே’ என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். பல நூறு கோடி ஆண்டுகளாக உயிர்கள் தம் ஆற்றலில் ஒரு பங்கை அந்தச் ‘சும்மா பார்க்கிற’ வேலைக்கு ஒதுக்கி வந்திருக்கின்றன. அது சிறிய வேலையாக இருந்திருந்தால் இயற்கை அதை எப்போதோ கைவிட்டிருக்கும்.

எனவே நண்பர்களே, 64 சொற்களையும் மனப்பாடம் செய்து இரவுகளை வீணாக்க வேண்டாம். அட்டவணை வேண்டும்போது புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது எழுந்து நின்று ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஐயா, இவ்வளவிலும் இரு மொழியும் அறிந்தவர் யார்?’ அந்த ஒரு கேள்விக்கு விடை தேடினாலே பாடத்தின் உயிர்நாடி உங்கள் கைக்கு வந்துவிடும். விடை கிடைத்ததும் அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.