குடும்பத்தின் பிடியில் ஊர்கள்

பிலிப்பைன்ஸின் புலாகான் மாகாணத்தில் பாலிவாக் என்றொரு ஊர். 2025 ஆகஸ்ட்டில் அதிபர் மார்கோஸ் ஜூனியர் அங்கே ஒரு வெள்ளத்தடுப்புச் சுவரைப் பார்வையிடப் போனார். சுமார் ஐந்தரைக் கோடி பெசோவில் வேலை முடிந்தது, பணமும் கொடுத்தாயிற்று என்றது கோப்பு. போய்ப் பார்த்தால் ஒரு கல்கூட இல்லை. மழைக்காலம் தோறும் தண்ணீரில் நிற்கும் மாகாணம் அது. அதுவரையான மூன்றாண்டுகளில் நாடெங்கும் வெள்ளத்தடுப்புக்கு ஒதுக்கிய தொகை 54,500 கோடி பெசோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 15 ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது.

பொறியாளர்கள்மீதும் ஒப்பந்தக்காரர்கள்மீதும் மக்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 21 அன்று மணிலா வீதிகள் நிரம்பின. நியாயமான கோபம்தான். என் மனம் வேறொரு கேள்வியில் நிற்கிறது. ஊரில் இல்லாத சுவரைப் பற்றி ஊராள்பவர்கள் எப்படிக் கேட்காமல் இருக்க முடிகிறது? பல மாகாணங்களில் கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அப்பா ஆளுநர், அம்மா நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர், மகன் மேயர் என்றால் யார் யாரைத் தணிக்கை செய்வது?

அதிபரின் தந்தை மார்கோஸ் சீனியர் 1986இல் நாட்டைவிட்டு ஓடியபின் எழுதப்பட்ட 1987 அரசியல் சாசனம் வம்ச அரசியலைத் தடை செய்கிறது. ஆனால் எது வம்சம் என்று வரையறுக்கும் பொறுப்பைக் காங்கிரஸிடம் விட்டுவிட்டது. வம்சத்தவர் நிறைந்த அந்த அவை, 2025 முடியும்வரை அந்தச் சட்டத்தை இயற்றவில்லை. மேயரும் ஆளுநரும் தொடர்ந்து மூன்று முறைக்குமேல், அதாவது ஒன்பது ஆண்டுகளுக்குமேல், பதவியில் இருக்கக் கூடாது என்ற விதியும் குடும்பங்களைப் பெருக்கத்தான் உதவியது. கணவரின் காலம் முடிந்தால் மனைவி, பிறகு தம்பி. இடையில் கணவர் காங்கிரஸுக்குப் போய்த் திரும்பி வருவார்.

இதற்கெல்லாம் வாக்குப் போடுகிறார்களே என்று ஏழைகளைத் திட்டுபவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. அரசு மருத்துவமனையில் தாயைச் சேர்த்த ஒரு மகளை நினைத்துப் பாருங்கள். கட்ட முடியாத பில்லை எடுத்துக்கொண்டு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலக வாசலில் அவள் நிற்க வேண்டும். பில் தொகைக்கு அரசுப் பணம் பொறுப்பேற்கும் என்று அங்கே கிடைக்கும் கியாரண்டி லெட்டர்தான் தாயை வீட்டுக்கு அழைத்துவரும். அனைவருக்கும் மருத்துவம் என்ற சட்டம் 2019இலேயே வந்துவிட்டது. ஆனால் 2025 பட்ஜெட்டில் அரசு மருத்துவக் காப்பீடான பில்ஹெல்த்துக்கு மானியம் பூஜ்யம். உரிமையாகக் கைக்கு வர வேண்டிய பணம் தலைவரின் கருணையாக வந்து சேர்கிறது. அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவரை அவளால் எப்படி எதிர்த்து வாக்களிக்க முடியும்? அவளை அந்த வாசலில் நிறுத்தியதுதான் குற்றம்.

மாற்ற முடியாத விதி இல்லை இது. பாசிக் நகரை 27 ஆண்டுகள் ஆண்ட யூசெபியோ குடும்பத்தை 2019இல் விகோ சோட்டோ தோற்கடித்தார். அவரும் புகழ்பெற்ற குடும்பத்துப் பிள்ளைதான், மறைக்கத் தேவையில்லை. 2025இல் அவரை எதிர்த்து நின்றவர் சாரா டிஸ்காயா. அந்த 15 நிறுவனங்களின் பட்டியலில் அவர் குடும்பத்து நிறுவனங்களும் உண்டு. பாசிக் மக்கள் சோட்டோவையே பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டமும் முடியாத காரியமல்ல. உள்ளூர் இளைஞர் மன்றமான சங்குனியாங் கபத்தானுக்கு 18 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களே போட்டியிடலாம். அந்தப் பகுதியில் பதவியில் இருப்பவருக்கு இரண்டாம் நிலை உறவுக்குள் இருந்தால் நிற்க முடியாது என்று 2016இல் காங்கிரஸே சட்டம் போட்டது. பிள்ளைகளுக்கு விதித்ததைப் பெரியவர்கள் தங்களுக்கு விதித்துக்கொள்ளவில்லை.

2025 டிசம்பரில் வம்சத் தடை மசோதாவுக்கு முன்னுரிமை தரச் சொன்னார் அதிபர். கீழவையில் அதைக் கொண்டுவந்தவர்கள் சபாநாயகர் ஃபாஸ்டினோ டையும் அதிபரின் மகன் சாண்ட்ரோவும். இசபேலா மாகாண அரசியலில் பல பத்தாண்டுகளாகச் செல்வாக்குள்ள குடும்பம் டை குடும்பம். யார் கொண்டுவந்தாலும் வரவேற்பேன், இரண்டு நிபந்தனைகளோடு. உறவின் எல்லை இளைஞர் மன்றச் சட்டத்தில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. ஒரே நேரத்தில் பதவி வகிப்பதை மட்டும் தடுத்தால் போதாது. ஒருவர் இறங்கிய நாற்காலியில் அவர் மனைவியோ மகனோ அடுத்த தேர்தலிலேயே ஏறுவதையும் தடுக்க வேண்டும்.